பாதி ஆண்டு முடிந்தது: தையல் பழகுகிறவர்கள் எடுக்க வேண்டிய கணக்கு

புது வருடம் பிறந்ததும், இல்லாவிட்டால் பொங்கல் கழிந்ததும், தையல் பழகுகிறவர்கள் பலர் ஒரு பட்டியல் எழுதி வைப்பார்கள். பெரும்பாலும் அது இப்படி இருக்கும்:

மாதம் ஒரு பிளவுஸ் தைக்க வேண்டும்.
லைனிங் பிளவுஸ் பழக வேண்டும்.
தீபாவளிக்குள் மகளுக்குப் பட்டுப்பாவாடை சட்டை.
வீட்டுக்காரருக்கு ஒரு முழுச் சட்டை.
இருக்கும் துணியைத் தைத்து முடிக்கும் வரை புதுத் துணி வாங்கக் கூடாது.

ஜூன் கடைசியில் இதை எடுத்துப் பார்த்தால் ஆறு பிளவுஸுக்கு மூன்றுதான் ஆகியிருக்கும். சட்டையைத் தொட்டே இருக்க மாட்டோம். துணியும் வாங்கியிருப்போம். உடனே சிலர் மனசு விட்டுப்போய் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிடுவார்கள். சிலர் "இனி மாதம் இரண்டு" என்று கணக்கை ஏற்றிவிடுவார்கள். இரண்டுமே வேண்டாம். ஆறு மாதம் தைத்திருக்கிறீர்கள் என்றால், அடுத்து எதைப் பழக வேண்டும் என்பதற்கான பதில் உங்கள் பீரோவிலேயே துணியாக இருக்கிறது. எத்தனை தைத்தோம் என்று எண்ணுவதை விட, தைத்ததில் எத்தனை உடம்பில் ஏறுகிறது, ஏறாதது ஏன் ஏறவில்லை என்று பார்ப்பதுதான் பலன் தரும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். மேலே எழுதிய பட்டியலையே கடைசி வரை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

எப்போது உட்கார வேண்டும்

ஆனி மாதம் முடிவதற்குள், அதாவது ஜூலை நடுவுக்கு முன்னால். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஆடி பிறந்தால் துணிக்கடைகளில் தள்ளுபடி தொடங்கிவிடும். கையில் என்ன இருக்கிறது, என்ன தைக்கத் தெரியும் என்று தெரியாமல் ஆடித் தள்ளுபடிக்குப் போனால், அழகாக இருக்கிறதே என்று ஜார்ஜெட்டையும் ஷிஃபானையும் வாங்கி வந்துவிடுவோம். வழுக்கும் துணியை வெட்டவே தனிப் பழக்கம் வேண்டும். புதிதாகத் தைக்கிறவர்கள் வாங்கிய துணியில் பாதி அலமாரியில் தூங்குவது இதனால்தான். ஆகவே கணக்கெடுப்பு முதலில், கடை அப்புறம்.

இரண்டு மாலைப் பொழுது போதும். ஒன்று துணிகளுக்கு, ஒன்று நோட்டுக்கு. இரண்டையும் ஒரே நாளில் இழுத்துப் போட்டால் நோட்டு எழுதும் நேரத்தில் அலுப்பு வந்துவிடும்.

எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

ஒரு கட்டிலையோ பாயையோ காலி செய்துகொண்டு, இந்த ஆறு மாதத்தில் உங்கள் கை பட்ட எல்லாத் துணியையும் அதில் போடுங்கள். தைத்து முடித்தவை ஒரு பக்கம், பாதியில் நிற்பவை ஒரு பக்கம், வெட்டி வைத்துத் தைக்காதவை ஒரு பக்கம், கத்திரியே படாத துணி ஒரு பக்கம். சரியாக வரவில்லை என்று பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்ததையும் கட்டாயம் எடுங்கள். நமக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கப் போவது அதுதான். தலையணை உறை, உள்பாவாடை, பைக்கு வைத்த ஒட்டு என்று சின்ன வேலைகளையும் விட வேண்டாம். நைட்டியின் கிழிசலை ஒழுங்காகத் தைத்திருந்தால் அதுவும் தையல்தான்.

கூடவே இன்ச் டேப், உங்களுக்குச் சரியாக இருக்கும் அளவு பிளவுஸ், ஒரு நோட்டு, நல்ல வெளிச்சம். மாலை விளக்கில் கறுப்பு நூல் தையலைப் பார்க்க முடியாது. முடிந்தால் ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

தைத்து முடித்ததில் முதலில் தைத்தது எது, கடைசியில் தைத்தது எது என்று இரண்டை மட்டும் தனியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டையும் உள்பக்கம் திருப்புங்கள். வெளிப்பக்கம் ஏமாற்றும், உள்பக்கம் உள்ளதைக் காட்டும்.

பக்கவாட்டுத் தையலை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். கோடு நேராகப் போகிறதா, இல்லை துணி ஓரத்திலிருந்து ஒரு இடத்தில் அரை இஞ்ச், இன்னொரு இடத்தில் கால் இஞ்ச் என்று அலைகிறதா? புதிதாகத் தைக்கிறவர்கள் ஊசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள். அதனால் கோடு அலையும். பார்க்க வேண்டியது ஊசியை அல்ல. பிரஷர் ஃபுட்டின் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) ஓரமும் துணியின் ஓரமும் ஒட்டிப் போகிறதா என்பதைத்தான். முதல் துணிக்கும் கடைசித் துணிக்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் தெரிந்தாலே நீங்கள் நன்றாக முன்னேறியிருக்கிறீர்கள். அதை நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள்.

அடுத்து தையலின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பலரும் பாபினை (அடி நூல் சுற்றியிருக்கும் சின்ன உருளை) குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை மேல் நூலில்தான் இருக்கும். டென்ஷன் (நூலின் இறுக்கம்) தளர்ந்திருக்கும், அல்லது டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் சரியாக விழுந்திருக்காது. மேல்பக்கத்தில் பாபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் நூல் அதிகம் இறுக்கம். நடுவே தையல் தவ்வியிருந்தால் ஊசி மழுங்கியிருக்கலாம், வளைந்திருக்கலாம், முழுதாக மேலே ஏறாமல் மாட்டியிருக்கலாம். பனியன் துணியில் தவ்வினால் அதற்கு முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி வேண்டும். மெல்லிய துணியில் தையல் நெடுகச் சுருக்கம் விழுந்தால் ஊசி தடிமனாக இருக்கலாம். நீங்கள் துணியைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே தைத்திருக்கவும் வாய்ப்புண்டு.

இந்தக் குறைகளில் பெரும்பாலானவை உங்கள் கைத்திறனைச் சேர்ந்தவை அல்ல. மெஷினையும் ஊசியையும் சேர்ந்தவை. இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். "எனக்குத் தையல் வராது" என்று விட்டுப் போகிறவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் வேண்டியது ஒரு புது ஊசிதான்.

பிறகு பிசிறைப் பாருங்கள். ஓவர்லாக் (பிசிறு பிரியாமல் நூல் சுற்றித் தைப்பது) செய்யாத ஓரம் நாலைந்து துவைப்பில் பிரிந்து தையல் வரை வந்திருக்கும். உங்கள் ஊரில் ஓவர்லாக், பீகோ (ஓரத்தைச் சுருட்டித் தைப்பது) அடித்துத் தரும் கடை இருந்தால் கொடுத்து வாங்குவதில் குறையே இல்லை. பெரிய தையல்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள். லைனிங் பிளவுஸ் தைத்திருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். துவைத்த பிறகு மேல் துணி உப்பலாகவும் உள்ளே லைனிங் இழுத்துப் பிடித்தும் இருக்கிறதா? அப்படியானால் லைனிங் துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டிவிட்டீர்கள். காட்டன் லைனிங் முதல் நனைப்பில் சுருங்கும். மேலே இருக்கும் பட்டோ சின்தெட்டிக்கோ அந்த அளவுக்குச் சுருங்காது. புடவைக்கு ஃபால்ஸ் தைப்பதற்கு முன் அதை நனைத்து இஸ்திரி போடச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான்.

இஸ்திரி பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு தையலும் முடிந்ததும் அதை விரித்து இஸ்திரி போட்டுவிட்டு அடுத்த தையலுக்குப் போனவர்களின் துணி, கடையில் தைத்தது போலவே இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக இஸ்திரி போட்டால் அந்த ஒழுங்கு வராது. உங்கள் துணியில் அது தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் அடுத்த ஆறு மாதத்துக்கு இதை விட எளிதான முன்னேற்றம் வேறு கிடையாது.

போட்டுப் பாருங்கள்

ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். நிற்பதோடு விடாமல் கையைத் தூக்குங்கள், பரணில் இருந்து பாத்திரம் எடுப்பது போல. குனியுங்கள். உட்காருங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். முதுகை நாம் கண்ணாடியில் பார்க்கத் திரும்பும்போதே துணி திருகிவிடும், சரியான நிலை தெரியாது.

பிளவுஸில் புதியவர்களுக்கு அடிக்கடி வரும் குறைகளையும் அவற்றின் காரணங்களையும் சொல்கிறேன். உங்களுடையது இதில் எது என்று பாருங்கள்.

முன்பக்கம் அக்குள் ஓரத்தில் துணி மடிந்து சாய்வாகச் சுருக்கம் நிற்கிறதா? முன் ஆம்ஹோலையும் (கை பொருத்தும் அக்குள் வளைவு) பின் ஆம்ஹோலையும் ஒரே வளைவாக வெட்டியிருப்பீர்கள். முன்பக்கம் ஏறத்தாழ அரை இஞ்ச் கூடுதலாக உள்ளே குழித்து வெட்ட வேண்டும். இரண்டு துண்டையும் ஒன்றாக வைத்து வெட்டிவிட்டு, முன் துண்டை மட்டும் தனியாகக் குழிக்க மறப்பதால் வருவது இது.

கையைத் தூக்கினால் பிளவுஸ் மொத்தமும் மேலே ஏறுகிறதா? கை இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்து அடுத்த முறை ஆம்ஹோலை இன்னும் இறக்கி வெட்டுவார்கள். அப்படிச் செய்தால் இன்னும் மோசமாகும். அக்குள் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்குக் கை தூக்கும்போது உடம்புப் பகுதி இழுபடும். ஆம்ஹோலைச் சற்று மேலேற்றி, கையின் சுற்றளவில் இடம் கொடுங்கள்.

தோள் நழுவுகிறதா? முன் கழுத்தும் பின் கழுத்தும் இரண்டுமே அகலமாகிவிட்டன. பின் கழுத்து ஆழமாக வேண்டும் என்றால் அகலத்தைக் குறைக்க வேண்டும், அல்லது பின்னால் நாடா வைக்க வேண்டும்.

கொக்கிப் பட்டி இடையிடையே வாய் பிளக்கிறதா? மார்பளவில் இடம் போதவில்லை, அல்லது கொக்கிகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. முதலில் நடுவே ஒரு கொக்கி கூடுதலாக வைத்துப் பாருங்கள். அதிலும் பிளந்தால் பக்கவாட்டைப் பிரித்து விட வேண்டியதுதான். தையல்காரர்கள் பக்கவாட்டில் ஒரு இஞ்சுக்கு மேல் துணி விட்டுத் தைப்பது இதற்காகத்தான். நீங்கள் விட்டிருக்கிறீர்களா என்று உள்பக்கம் பாருங்கள்.

டாட் (மார்புக்கு வடிவம் வரப் பிடிக்கும் கூர்மடிப்பு) முனை கூம்பாக நிற்கிறதா? டாட் மார்பின் உச்சிப் புள்ளி வரை போய்விட்டது. அதற்கு அரை இஞ்சிலிருந்து ஒரு இஞ்ச் முன்னாலேயே முடிய வேண்டும். முனையில் ரிவர்ஸ் அடித்து முடிச்சாக்காமல், நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போட்டால் முனை மெதுவாக அடங்கும்.

இதையெல்லாம் பார்க்கும்போது ஒரே குறை இரண்டு மூன்று துணிகளில் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அதுதான் இந்தக் கணக்கெடுப்பில் நமக்குக் கிடைக்க வேண்டிய பொருள். மூன்று பிளவுஸிலும் முன் ஆம்ஹோல் சுருக்கம் இருக்கிறது என்றால் உங்களுக்கு நான்காவது பிளவுஸ் தேவையில்லை. ஆம்ஹோல் மட்டும்தான் தேவை.

ஒவ்வொரு துணிக்கும் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: போட்டுக்கொண்டு வெளியே போகிறேனா, வீட்டுக்கு மட்டுமா, போடவே இல்லையா, ஏன். "நீலக் காட்டன், வெளியே போட்டுப் போகிறேன், கழுத்து நன்றாக வந்தது." "பச்சை லைனிங், போடவில்லை, அக்குள் இழுக்கிறது." இதற்கு மேல் விரிவாக எழுத வேண்டாம். நிறம் பிடிக்காமல் போடாமல் விட்டதும் உண்டு. அதைத் தையல் குறையாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பாதியில் நிற்பவை எங்கே நிற்கின்றன

இந்தக் குவியலை எல்லாரும் வெட்கத்தோடு பார்ப்பார்கள். நான் இதைத்தான் மிகவும் மதிக்கிறேன். ஒவ்வொன்றையும் எடுத்து, எந்தப் படியில் நின்றது என்று மட்டும் பாருங்கள். உடம்பு தைத்து, கை பொருத்தாமல் நிற்கிறதா? ஜிப் வைக்கும் இடத்திலா? காலரிலா? எல்லாம் முடிந்து எம்மிங்கும் (ஓரத்தை மடித்துக் கையால் தைப்பது) கொக்கியும் மட்டும் பாக்கியா?

எம்மிங், கொக்கி, காஜா (பட்டன் துளை) பாக்கி என்று நிற்பவற்றை உங்களுக்குத் தெரியாத வேலையாக எண்ண வேண்டாம். அது பிடிக்காத வேலை. அவற்றை ஒரு பையில் போட்டு, டி.வி. பார்க்கும் இடத்தில் ஊசி நூலோடு வைத்துவிடுங்கள். காஜாவுக்கு, சட்டைகளுக்குக் காஜா போட்டுத் தரும் ஆளிடம் கொடுத்துவிடலாம். இவை ஒரு வாரத்தில் முடிந்து எழுந்துவிடும்.

கை பொருத்துவதில், ஜிப்பில், காலரில் நிற்பவை வேறு வகை. அங்கே உங்களுக்கு ஒரு வேலை தெரியவில்லை, தெரியாததால் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள். அந்த வேலையின் பெயரை நோட்டில் எழுதுங்கள். பாதியில் நிற்கும் துணிகளில் இரண்டு ஒரே வேலையில் நின்றால் அடியில் கோடு போடுங்கள்.

வெட்டி வைத்துத் தைக்காமல் விட்டதில், வெட்டியதே தப்பு என்று தெரிந்தால் தயங்காமல் அதைப் பழகும் துணிக் குவியலுக்கு மாற்றுங்கள். குழந்தை சட்டைக்கோ பைக்கோ ஆகும். ஆனால் "எப்படியும் சரி செய்து தைத்துவிடுவேன்" என்று இன்னொரு ஆறு மாதம் வைத்திருக்காதீர்கள். அதைப் பார்க்கும் போதெல்லாம் மெஷின் பக்கம் போகவே மனசு வராது.

கத்திரி படாத துணி

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். ஒவ்வொன்றையும் அளந்து, எத்தனை மீட்டர், என்ன அகலம், என்ன துணி என்று ஒரு சின்னத் தாளில் எழுதி அந்தத் துணியிலேயே குத்தி வைத்துவிடுங்கள். காட்டன், ரூபியா, பாப்ளின் போன்றவற்றை இப்போதே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டு மடித்தால் தைக்க உட்காரும் நாளில் ஒரு வேலை மிச்சம். சாயம் போகிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும். சுங்குடி போன்ற அடர் நிறங்களைத் தனித்தனியாக நனையுங்கள்.

"புதுத் துணி வாங்கக் கூடாது" என்று பட்டியலில் எழுதியிருந்தோமே, அதை மாற்றி எழுதச் சொல்வேன். வாங்கவே கூடாது என்ற விதி ஆடியில் உடைந்தே தீரும். அதற்குப் பதிலாக, என்ன தைக்கப் போகிறோம் என்று நோட்டில் எழுதியிருந்தால் மட்டும் அதற்கான துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மட்டும் எந்தத் தடையும் வேண்டாம்: காடா துணி. ஈரோட்டுப் பக்கம் நெய்கிற, வெளுக்காத சாயம் போடாத துணி. விலை குறைவு, வெட்ட எளிது, சாக்பீஸ் கோடு நன்றாகத் தெரியும். பழகுவதற்கு இரண்டு மூன்று மீட்டர் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பழைய காட்டன் புடவையும் பெட்ஷீட்டும் இருந்தால் அதுவும் போதும்.

மெஷினுக்கும் ஆறு மாதம் ஆகிவிட்டது

ஊசியைக் கழற்றிப் புதிதாக மாற்றுங்கள். எட்டு மணி நேரம் தைத்தால் ஒரு ஊசி மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நம்மில் பலர் உடையும் வரை மாற்றுவதில்லை. பட்டு, வாயில் போன்ற மெல்லிய துணிக்கு 11, சாதாரண காட்டனுக்கு 14, கனமான துணிக்கு 16, ஜீன்ஸுக்கு 18 என்று ஒவ்வொரு பாக்கெட் வைத்துக்கொள்ளலாம். ஊசித் தட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியிலும் பாபின் கேஸ் உட்காரும் இடத்திலும் சேர்ந்திருக்கும் பஞ்சுத் தூசியைச் சின்ன பிரஷ்ஷால் எடுங்கள். பாதி நூல் பிரச்சினைகள் அதோடு போய்விடும். எண்ணெய்த் துளைகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது, அது பிசினாக உறைந்து சக்கரத்தையே இறுக்கிவிடும். எண்ணெய் விட்டதும் கழிவுத் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நல்ல துணியை வையுங்கள், இல்லாவிட்டால் கறை விழும். மிதிக்கும் மெஷினில் சக்கரம் சுற்றியும் ஊசி இழுக்காமல் தடுமாறினால் தோல் பெல்ட் தளர்ந்திருக்கும். கொஞ்சம் வெட்டி மறுபடி கொக்கி மாட்ட வேண்டும்.

இரண்டாம் மாலை: பட்டியலைத் திருத்துவது

இப்போது நோட்டை எடுங்கள். தொடக்கத்தில் எழுதிய ஐந்து வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"மாதம் ஒரு பிளவுஸ்." இது எண்ணிக்கை. வேலைக்குப் போகிறவர்களுக்கு, குழந்தைகளைப் பார்க்கிறவர்களுக்கு, ஒரு மாதம் போலவே இன்னொரு மாதம் இருக்காது. இதை அடித்துவிட்டு, நோட்டில் திரும்பத் திரும்ப வந்த குறையை இங்கே எழுதுங்கள்: "முன் ஆம்ஹோல் சுருக்கம் இல்லாமல் ஒரு பிளவுஸ்." அதற்கான வழி, காடா துணியில் தோளிலிருந்து மார்பு வரை மட்டும் வெட்டி, ஒரு கை பொருத்தி, போட்டுப் பார்ப்பது. சுருக்கம் இருக்கும் இடத்தில் குண்டூசியால் மடித்துப் பிடித்து, எவ்வளவு அதிகம் என்று அளந்து, காகிதப் பேட்டர்னில் (வெட்டுவதற்கான அளவு வடிவம்) அவ்வளவைக் குறைப்பது. மறுபடி ஒரு கை. முழு பிளவுஸ் மூன்று தைப்பதை விட அரை பிளவுஸ் இரண்டு தைத்தால் சீக்கிரம் புரியும், செலவும் இல்லை. சரியாக வந்த பேட்டர்னைத் தடிமனான தாளில் வெட்டி, தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

"லைனிங் பிளவுஸ்." தைத்துப் பார்த்திருக்கிறீர்கள், துவைத்ததும் இழுத்துக்கொண்டது. இது அப்படியே இருக்கட்டும். ஆனால் ஆம்ஹோல் சரியான பிறகுதான் இதற்கு வர வேண்டும். வரிசை மாறினால் அதே குறையை இரண்டு மடங்கு துணியில் தைப்பீர்கள்.

"பட்டுப்பாவாடை சட்டை." தேதி கட்டிய ஒரே வேலை இதுதான், ஆகவே இதை வைத்துத்தான் மற்றதைத் திட்டமிட வேண்டும். பட்டில் ஒரு முறை ஊசி ஏறினால் பிரித்தாலும் துளை தெரியும். அதனால் சாதாரண காட்டனில் ஒரு பாவாடை சட்டை முதலில் தைத்துவிடுங்கள். மடிப்பு எத்தனை, இடுப்புப் பட்டி எவ்வளவு, உயரம் கூடினால் பிரித்து விடுவதற்கு அடியில் வைக்கும் டக் எந்த இடத்தில் வந்தால் பார்டர் அழகாக இருக்கும் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். குழந்தையும் அதை வீட்டில் போட்டு ஓடியாடும். எங்கே இடுப்பு இறுக்குகிறது என்று அதுவே வந்து சொல்லும்.

"வீட்டுக்காரருக்கு முழுச் சட்டை." இதைச் சுருக்குங்கள். முழுக்கைச் சட்டையில் காலர், கஃப், கை வெட்டுப் பட்டி, முன் பட்டி, பை, காஜா என்று ஒவ்வொன்றும் தனி வித்தை. ஆறு மாதத்தில் தொடவில்லை என்றால் சோம்பல் என்று நினைக்காதீர்கள், வேலை அவ்வளவு பெரியது. இந்த ஆண்டுக்கு "பக்ரம் (உள்ளே வைக்கும் விறைப்புத் துணி) வைத்து ஒரு காலர் மட்டும் தைத்துப் பழகுவது" என்று எழுதுங்கள். இரண்டு முனையும் ஒரே அளவில், கூராகத் திரும்பும் வரை. சட்டையை அடுத்த தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதுவும் பிடிக்கவில்லையா, அடித்துவிடுங்கள். யாரோ தைத்ததைப் பார்த்து ஆசைப்பட்டு எழுதிய வரிகள் எல்லாப் பட்டியலிலும் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

துணி வாங்கும் விதியை ஏற்கெனவே மாற்றிவிட்டோம். பாதியில் நின்றவற்றில் அடியில் கோடு போட்ட வேலை ஒன்று இருக்கிறதல்லவா, அதைப் புது வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எதையும் சேர்க்க வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து.

தையல் வகுப்புக்குப் போகிறவர்கள், அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் லோயர், ஹையர் எழுத நினைப்பவர்கள், மேலே சொன்னதோடு பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டுக்குத் தைக்கிறவர்கள் கைத்தையலை விட்டுவிடுவார்கள். தேர்வில் அது வரும்.

நேரத்தைத் துணியைப் போல அளந்து வெட்டுங்கள்

ஜூலை தொடக்கத்திலிருந்து தீபாவளி வரை சுமார் 15 முதல் 19 வாரங்கள் இருக்கும், ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். வாரம் 4 மணி நேரம் என்று வைத்தால் 16 வாரத்துக்கு 64 மணி நேரம். இதில் ஆடிக் கூழ், பிள்ளையார் சதுர்த்தி, காலாண்டுத் தேர்வு, நவராத்திரி, உறவினர் வருகை, உடம்புக்கு முடியாத நாள் எல்லாம் கழித்தால் 40 மணி நேரம் கையில் நிற்கும். இந்த 40 மணி நேரத்துக்குள் அடங்கும் வேலையைத்தான் திட்டமிட வேண்டும்.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், அடுத்த துணியில் மெஷினில் உட்காரும்போதும் எழும்போதும் மணி எழுதி வையுங்கள். வெட்டுவதையும் பிரிப்பதையும் இஸ்திரியையும் சேர்த்து எழுதுங்கள். "ஒரு பிளவுஸ் ரெண்டு மணி நேரம்" என்று தையல்கார அக்கா சொன்னதை உங்கள் கணக்கில் போடாதீர்கள். அவர் கை பத்து இருபது வருடம் பழகிய கை.

மாதவாரியாக இப்படிப் பிரிக்கலாம். ஜூலையில் பாதியில் நின்றவற்றை முடிப்பது, காடாவில் ஆம்ஹோல். ஆகஸ்டில் சரியான பேட்டர்னில் ஒரு சாதா பிளவுஸ், அப்புறம் லைனிங் பிளவுஸ். செப்டம்பரில் காட்டன் பாவாடை சட்டை. அக்டோபரைப் பட்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள். காலர் பழகுவதை தீபாவளிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் காற்றில் ஈரம் ஏறி ஊசியும் கத்திரியும் துருப்பிடிக்கும். துடைத்து, எண்ணெய்த் துணி சுற்றி வையுங்கள். மோட்டார் மெஷின் வைத்திருப்பவர்கள் மின்வெட்டு நேரத்துக்கு எம்மிங், கொக்கி வேலையைத் தனியே ஒதுக்கி வைக்கலாம்.

ஓவர்லாக், காஜா, பைப்பிங் என்று வெளியே கொடுக்க வேண்டியது இருந்தால் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். அப்புறம் அந்தக் கடைகளில் உங்கள் ஒரு துணியை எடுத்துப் பார்க்க ஆள் இருக்காது.

அக்கம்பக்கத்தினருக்குத் தைத்துக் கொடுப்பவர்கள்

பழகும்போதே தெரிந்தவர்கள் "எனக்கும் ஒண்ணு தைச்சுக் கொடேன்" என்று கொடுத்திருப்பார்கள். இந்த ஆறு மாதத்தில் அப்படித் தைத்தது எத்தனை, அதில் எத்தனை பிரித்துத் தைக்கத் திரும்பி வந்தது, நூல் லைனிங் கொக்கி செலவு போக மணிக்கு எவ்வளவு நின்றது என்று கட்டாயம் எழுதிப் பாருங்கள். திரும்பி வந்தவை ஏன் வந்தன என்று பார்த்தால் பெரும்பாலும் அளவு எடுத்ததில்தான் தவறு இருக்கும். உடம்பில் அளவு எடுத்தாலும் அவர்களுடைய அளவு பிளவுஸையும் வாங்கி வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். உங்கள் சொந்தப் பட்டியலுக்கு நேரமே இல்லாமல் போனதற்கு இந்த வெளி வேலைகள் காரணம் என்று தெரிந்தால், தீபாவளி வரை புதிதாக யாருடைய துணியையும் தைக்க வாங்கி வைக்காதீர்கள். "இப்போ பழகிட்டு இருக்கேன் அக்கா, பொங்கலுக்குத் தைச்சுத் தர்றேன்" என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு நோட்டை மூடி வைத்தால் டிசம்பரில்தான் திறப்போம். அதனால் அதே வாரத்தில் மூன்று வேலை மட்டும் செய்யுங்கள். எம்மிங், கொக்கி பாக்கி இருப்பவற்றை முடியுங்கள். லைனிங் துணிகளை நனைத்துக் காயவையுங்கள். காடா துணியில் ஒரு கையும் ஒரு ஆம்ஹோலும் வெட்டிப் பொருத்தி, அந்தத் துண்டைத் தேதியோடு நோட்டில் குண்டூசியால் குத்தி வையுங்கள். இரண்டாவது முயற்சியை அதற்கு அடுத்த பக்கத்தில் குத்துங்கள். எது மாறியது என்று கண்ணுக்குத் தெரியும், எழுதி விளக்க வேண்டியதில்லை.

மெஷின் மேசையில் நோட்டைத் திறந்தே வையுங்கள். ஒவ்வொரு துணி முடிந்ததும் அந்த ஒரு வரியை அன்றைக்கே எழுதிவிட்டால் அடுத்த முறை பீரோவைக் கவிழ்க்கும் வேலை பாதியாகக் குறையும். புரட்டாசியில் கொலு பொம்மைகளை இறக்கும் வாரத்தில் நோட்டை ஒரு முறை புரட்டுங்கள். காட்டன் பாவாடை அதற்குள் முடிந்திருந்தால் அக்டோபர் திட்டம் அப்படியே நிற்கட்டும். முடியவில்லை என்றால் பட்டுத் துணியை நம்பிக்கையான தையல்காரரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் காட்டனையே நிதானமாகத் தையுங்கள். நீங்களே பட்டைத் தைப்பதானால், கத்திரி வைப்பதற்கு முன்னால் மகளின் உயரத்தையும் இடுப்பையும் மறுபடி அளந்துகொள்ளுங்கள். ஜனவரியில் எடுத்த அளவு அக்டோபருக்கு உதவாது.